எருக்குழிக்குப் போன சீத்தாப்பழம்

கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நான் ஜூஸ் கடை போட்டிருந்தேன். இப்போது அதை என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஜூஸ் கடைக்காரிக்கு மிக்ஸி ஓடுகிற நேரத்தைவிட வாய் ஓடுகிற நேரம்தான் அதிகம். எனக்கு அதில் குறையே இல்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் கடை முன்னால் நின்று ஒரு கிளாஸ் குடிக்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போனதுதான். யாராவது எதையாவது புதுவிதமாகச் சொல்லிவிட்டால் அது என் காதில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டுவேன். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்கிற அதே முகத்தோடு என்னையும் கேட்பார்.

ஆவணி பிறந்தால் ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழம் இறங்கும். மரத்தில் கல்லு மாதிரி இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். மேல்தோலில் இருக்கிற கட்டம் கட்டமான கோடுகள் கொஞ்சம் வெளுத்தால் போதும், வியாபாரிக்கு அதுதான் பழம். மரத்திலேயே கனிந்துவிட்டால் அது சரக்கே இல்லை. மலையிலிருந்து கூடை ஏற்றி வருகிற டிரைவர் ஒருவர் என் கடையில் நின்று சொன்னார், "எறங்கறப்போ ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கு. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பழம் சாவுதும்மா. சீத்தாப்பழத்துக்கு வெல பழத்துல இல்ல, ரோட்டுல கீது."

அன்றைக்கு முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன். பழத்தின் விலை ரோட்டில் இருக்கிறது. அப்படியென்றால் ரோட்டையே பார்க்காத பழத்துக்கு என்ன விலை? ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, பழம் கீழ வர்றதுக்குப் பதிலா ஃப்ரீசர் மேல போனா இன்னா?"

அவர் வாயில் போட்டதை மென்று முழுங்கிவிட்டு, "மேல கரண்டு எப்படி?" என்றார்.

அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று, அவர் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று நினைத்தால் "பாக்கலாம்" என்பார். கேள்வி கேட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் மகளிர் குழுவுக்குச் சொந்தமான பழைய சாமை குடோன் காலியாக இருந்தது. குழுத் தலைவி என்னைவிட இளையவள். நன்றாகச் சிரிப்பாள், அதைவிட நன்றாகப் பேரம் பேசுவாள். குடோனை வாடகைக்குக் கொடுக்கும்போதே, "வேலைக்கு ஆளு எங்க ஊர்லருந்துதான் எடுக்கணும்க்கா. வெளியூருல இருந்து ஆள இட்டுனு வந்தீங்கன்னா குடோனுக்கு பூட்டு போட்ருவேன்" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

என் வீட்டுக்காரர் பழைய ஃப்ரீசர் இரண்டை வாங்கிச் சரிபார்த்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மலையில் கரண்டு வரும், போகும், வந்தாலும் சோம்பலாக வரும். அதற்கு அவர் ஒரு வழி பண்ணினார். தண்ணீர் பாட்டில்களில் உப்புத் தண்ணீரை ஊற்றி ஃப்ரீசரின் சந்து பொந்தெல்லாம் அடுக்கிவிட்டார். அவை உறைந்துவிட்டால் கரண்டு இல்லாத நேரத்திலும் பெட்டி ரொம்ப நேரம் சூடேறாது. ஊர்க்காரர்கள் வந்து வந்து அதைத் திறந்து பார்த்தார்கள். "திறந்து பாத்தா சில்லு போய்டும்ங்க" என்று இவர் சொல்ல, "போவுதான்னுதான் பாக்கறோம்" என்று ஒருவர் மறுபடியும் திறந்தார். அந்த வாரத்திலேயே என் பெயர் ஐஸ்பெட்டிக்காரம்மா ஆகிவிட்டது.

செய்யவேண்டிய வேலை கேட்க எளிது. பழத்தைப் பிளந்து, சதையை எடுத்து, கொட்டையை நீக்கி, டப்பாவில் அடைத்து உறைய வைக்கவேண்டும். சீத்தாப்பழச் சதையைச் சூடு பண்ணினால் கசக்கும், வெளியில் வைத்தால் நிறம் மாறும். குளிர்தான் ஒரே வழி. கொட்டை எடுக்க முதலில் மிக்ஸியில் போட்டுப் பார்த்தேன். கொட்டை உடைந்தது, ஒரு வாய் நக்கிப் பார்த்துவிட்டு நாள் முழுக்க வாய் கொப்பளித்தேன். பிறகு வீட்டுக்காரர் பெரிய துளை போட்ட ஸ்டீல் சல்லடையும், அதன்மேல் சுற்றுகிற மரத்துடுப்பும் வைத்து ஒன்று செய்துகொடுத்தார். கையால் சுற்றவேண்டும். சதை கீழே இறங்கும், கொட்டை மேலே நிற்கும். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

வேலூரில் சொந்தமாக ஐஸ்கிரீம் செய்து விற்கிற பாய் ஒருவரிடம் பேசி வைத்திருந்தேன். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், "நல்லா கீதுன்னா மட்டும் போதாதும்மா. இன்னிக்கு எப்படி கீதோ நாளைக்கும் அப்டியே இருக்கணும். ஐஸ்கிரீம் துன்றவன் நாக்குல ஞாபகம் வெச்சிருப்பான்."

எல்லாம் தயார். பழம் மட்டும் வரவேண்டும்.

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். வியாபாரி விட்டுவிட்டுப் போகிற பழம்தான் எனக்கு வேண்டும், மரத்திலேயே கனிந்தது, கையால் தொட்டால் உள்ளே போகிறது, அதைத்தான் கொண்டு வரவேண்டும். வியாபாரி கொடுக்கிற விலையையே நானும் தருகிறேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "சரிங்க", "சரிங்க" என்றார்கள்.

மறுநாள் காலையில் குடோன் வாசலில் கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் பச்சையாக, பளபளவென்று, துடைத்து வைத்த மாதிரி. தொட்டால் கல்லு.

"நான் கனிஞ்சதுதானேம்மா கேட்டேன்?"

"கனிஞ்சிரும்ங்க" என்றாள் முதலில் வந்தவள்.

"எப்போ?"

"ரெண்டு நாள்ல. மூணு நாள்ல. நல்ல காயிங்க, கெட்டுப்போவாது."

திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. கூலி போட்டுப் பறித்து, தலையில் வைத்து நடந்து வந்திருக்கிறார்கள். எடை போட்டு வாங்கிக்கொண்டு, வைக்கோலில் பரப்பி வைத்தேன். முதல் நாள் வேலைக்கு வந்த பெண்கள் குடோனில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். இரண்டாம் நாளும் பேசினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான், அவ்வளவு கதை எங்கே கிடைக்கும்? ஆனால் சல்லடை சுற்றவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் குடோன் முழுக்க வாசனை. மொத்தமும் சேர்ந்து கனிந்திருக்கிறது. அன்றைக்குக் கை போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தோம், அப்படியும் பாதி வீணானது. அது போதாதென்று, ஒன்று வெண்ணெய் மாதிரி இருந்தால் இன்னொன்று மேலே கனிந்து உள்ளே மாவாக இருந்தது. சீக்கிரம் பறித்த காய் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சதையைத்தான் வேலூருக்குக் கொண்டு போனேன். பாய் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துவிட்டு, முகத்தை மாற்றாமல் ஸ்பூனைக் கழுவி வைத்தார். "மாவாட்டம் கீதும்மா" என்றார். டப்பாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பத் திரும்பச் சொன்னேன். கனிந்தது, கனிந்தது, கனிந்தது. திரும்பத் திரும்பத் தலையை ஆட்டினார்கள். திரும்பத் திரும்பக் கல்லே வந்தது.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. "கெட்டிக் காய் வெயிட்டு நிக்கும். எட போட்டுத்தானே வாங்கறோம்? வெவரமாத்தான் இருக்காங்க" என்றார். எனக்கு அதை நம்ப முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் ஷெட் காலியாகிறது என்று சொன்னார். ரோட்டு மேலேயே இடம். கரண்டு நிலையாக இருக்கும். எப்படியும் கெட்டிக் காய்தான் வருகிறது, அதைக் கீழே வாங்கி வைத்து, நாளுக்கு ஒரு பகுதியாகக் கனிய விட்டு எடுத்துக்கொள்ளலாம். ஷெட்காரரிடம் நெல்விதை வியாபாரி ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், தீபாவளிக்குள் பதில் சொல்லவேண்டும்.

தப்பாகச் சொன்னார் என்று சொல்லமாட்டேன். ஃப்ரீசருக்கு முன்னால் உட்கார்ந்து வோல்டேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு அது நியாயமான யோசனை. ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. கீழே இறங்கினால் மலைக்கு நாங்களும் இன்னொரு வியாபாரி, அவ்வளவுதான். கல்லாகப் பறித்து, கூடையில் போட்டு, வளைவுக்கு வளைவு அடிபட்டு இறங்கும் பழம். சதை எடுக்கிற கூலி கலசப்பாக்கத்துக்கு. மரத்தில் கனிகிற பழம் எங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கேயே போகும். குழுத் தலைவியின் முகத்தைப் பார்த்துக் குடோன் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறதை நினைத்துப் பார்த்தேன், அது வேறு.

"தீபாவளி வரைக்கும் பாப்போம்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மலையிலேயே தங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைக்குக் கீழே போய்வருவது பெரிய பயணம். அந்த வாரம் கண்ணமங்கலத்தில் அறுப்பின் பண்டிகை என்பதால் போனேன். எங்கள் சபையில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு விளைச்சலைக் கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசணிக்காய், கரும்பு, நெல், கோழி, எல்லாம். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம். நான் ஒரு தட்டில் சீத்தாப்பழம் வைத்திருந்தேன். ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிக் காட்டி, "மலைப் பழம்! ஒண்ணு கூட அடிபடல, பாத்துக்கங்க!" என்று கத்தினார்.

கெட்டிப் பழம். பொறுக்கி எடுத்து, துடைத்து, பச்சைப்பசேல் என்று நானே கொண்டு வந்து வைத்தது. எனக்கு அப்போது கூட உறைக்கவில்லை. ஏலத்தில் போட்டி நடந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் எந்தக் காரணமும் இல்லாமல் குழுத் தலைவியின் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் போகிற வழியில் எருக்குழி. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் சாணத்தின்மேல் சீத்தாப்பழம். வாய் பிளந்து, வெள்ளைச் சதை வெளியே தெரிந்து, நான்கு கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. வாசனை என்னமோ, மொத்தமும் சேர்ந்து கனிந்த அன்றைக்குக் குடோன் முழுக்க அடித்த அதே வாசனை.

குழுத் தலைவி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து எனக்கும் குழிக்கும் நடுவில் நின்றாள். புடவைத் தலைப்பால் மறைக்கிற மாதிரி.

"இங்க இன்னாக்கா பாக்கறீங்க? முன்னாடி வாங்க, வூட்டுக்குள்ள வாங்க."

"இதத்தானேம்மா நான் கேட்டுக்கினே கீறேன்?"

"இதயா?" அவள் உண்மையாகவே அதிர்ச்சி அடைந்தாள். "இத யாருக்காச்சும் குடுப்பாங்களா?"

"நான் கேட்டேனே!"

"நீங்க கேட்டீங்க. நீங்க பெரிய மனசுல கேட்டீங்க, விக்காதத எல்லாம் நான் எடுத்துக்கறேன்னு. அதுக்காவ நாங்க குடுத்துட்றதா? வெளியூர்லருந்து வந்து எங்கள நம்பி கடை போட்டவங்களுக்கு வாய் பொளந்ததக் கொண்டாந்து எட போட்டுக் காசு வாங்குனா, எங்க ஊர இன்னான்னு நெனப்பீங்க?"

உள்ளேயிருந்து அவளுடைய மாமியார் குரல் வந்தது. மெலிந்த உடம்பு, குரல் மட்டும் ரெண்டு ஆளுக்கு இருக்கும். "அந்தம்மாவ அங்க ஏன்டி நிக்க வெச்ச? எருக்குழிய சுத்திக் காட்றியா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று ஏலத்துக்கு நான் வைத்த தட்டு கண் முன்னால் வந்தது. பீடத்துக்கு முன்னால் வாய் பிளந்த பழத்தை நான் வைப்பேனா? ஆண்டவரே நேரில் வந்து எனக்குக் கனிந்ததுதான் பிடிக்கும் என்று சொன்னாலும் வைக்கமாட்டேன். வெட்கமாக இருக்கும். இவர்களுக்கும் அதே வெட்கம். இதைத்தான் என் வீட்டுக்காரர் எடைக்காகச் செய்கிற தந்திரம் என்றார், நானும் மறுக்கவில்லை.

"வெயிட்டுக்குன்னு எங்க வூட்டுக்காரர் சொன்னாரு" என்றேன்.

குழுத் தலைவி கண்ணைச் சிமிட்டினாள். "வெயிட்டும் நிக்கும்தான்க்கா. இல்லன்னு சொல்லல."

வாசலில் உட்கார்ந்தோம். மாமியார் மோர் கொண்டுவந்து வைத்தார். தீபாவளிக்கு ரொம்ப நாள் இல்லை. ஷெட் விஷயத்தை அவளிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எறங்கிருவீங்களா?"

"கல்லே வந்துக்கினு இருந்தா வேற இன்னா பண்றது? கூச்சப்படாம கனிஞ்சத குடுக்கச் சொல்லேன்."

"நான் சொல்லுவேன். அவங்க தலைய ஆட்டுவாங்க. நாளைக்கு கல்லுதான் வரும். கையில எடுத்து உங்க கையில குடுக்கணும் இல்லக்கா? குடுக்க மாட்டாங்க. நானே குடுக்க மாட்டேன்."

மாமியார் இடையில் புகுந்தார். "கனிஞ்ச பழம் ஆருக்கு? வூட்டுப் புள்ளைங்களுக்கு. கையால பிச்சு கொட்டய எடுத்துட்டு ஊட்டி வுடுவோம். வந்தவங்களுக்கா குடுப்பாங்க?"

"புள்ளைக்கு ஊட்றது கேவலமா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குக் கேவலம்? அது கொட்டயெல்லாம் எடுத்து, சதயா, கிண்ணத்துல..."

அவர் பாதியில் நிறுத்தினார். குழுத் தலைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது, அதனால் அதை எழுதப்போவதில்லை. விஷயம் இதுதான். பழத்தை எடை போடக் கூடாது. சதையை எடை போடவேண்டும். பழம் அவரவருடையது, கிண்ணமும் அவரவருடையது. குடோனுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்து, தன் பழத்தைத் தானே பிளந்து, சதையை எடுத்துத் தரட்டும். என் கைக்கு வருவது சதை. அதைக் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை, அது பிள்ளைக்குக் கொடுக்கிற சாப்பாடு. இன்னொன்றும் இருந்தது, சதைக்கு விலை என்று ஆகிவிட்டால் கல்லைக் கொண்டு வந்து எவள் பிளந்துகொண்டு உட்காருவாள்? பிளக்கவே வராது.

"ஆனா தெருவுல எப்படி எடுத்துனு வர்றது? எல்லாரும் பாப்பாங்களே" என்றாள் குழுத் தலைவி.

"களி எடுத்துனு போற மாரி எடுத்துனு போ" என்றார் மாமியார். "மேல துணியப் போட்டா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

முதல் நாள் இரண்டே பேர் வந்தார்கள், இந்த மாமியாரும் மருமகளும்தான். அலுமினியக் குண்டான், மேலே ஈரத்துணி. மாமியார் உட்கார்ந்து பழத்தைப் பிட்டுக்கொண்டே பேசினார். "இம்மாம் வருசமா எருக்குழில கொட்டனத வேலூர்காரங்க ஐஸு போட்டுத் துன்னப்போறாங்களாம். எங்க கோழிங்க இன்னா பாவம் பண்ணுச்சு?" எடை போட்டு, என்ன காசு வருகிறது என்று சொன்னேன். பிறகு மருமகளைப் பார்த்து, "நாளைக்கு கெழக்கால மரத்துங்கீழ போய் பாரு. அங்க நெறய வுழுந்து கெடக்கும்" என்றார்.

அதற்கடுத்த நாள் வாசலில் துணி மூடிய குண்டான்கள் வரிசையாக வந்தன. யார் குண்டானில் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கை கழுவுகிற இடத்தில் தள்ளுமுள்ளு. தலைக்குத் துணி கட்டச் சொன்னால் ஒருத்தி, "கண்ணாலத்துக்கா போறோம், தலைய ஜோடிச்சிக்கறதுக்கு" என்றாள். இன்னொருத்தி, "உன் முடி ஐஸ்கிரீம்ல போய் வேலூர்ல எவன் வாயிலயாச்சும் மாட்டுனா உன்ன தேடினு வந்துருவான்டி" என்றாள். அன்றைக்குச் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது. சல்லடை நிற்காமல் சுற்றியது. ஒரே நாளில் குவியவும் இல்லை, ஒரு நாள் சும்மா இருக்கவும் இல்லை. மரம் என்ன வேகத்தில் கனிகிறதோ அந்த வேகத்தில் வேலை வந்தது.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். ஷெட்காரர் ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "பாய் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு சொல்றேன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். ஆக, எல்லாம் ஒரு ஸ்பூனில் வந்து நின்றது.

ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் போனேன். எனக்கு பஸ்ஸில் வாய் மூடி வருகிற பழக்கம் கிடையாது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்றே கேட்டுவிட்டார்.

பாய் ஸ்பூனை எடுத்தார். வாயில் வைத்தார். போன தடவை மாதிரியே முகம் மாறவில்லை. ஸ்பூனைக் கழுவப் போகவில்லை. மாடிப்படியைப் பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அதே டப்பாவில் இன்னொரு ஸ்பூன் விட்டார். பாய் டப்பாவை இழுத்துக்கொண்டார்.

"போதும், சாம்பிள் இது." என்னிடம் திரும்பி, "போன தடவ கொண்டாந்தது மாவு. இதுதாம்மா பழம். அடுத்த வாரமும் இப்டியே வந்துச்சுன்னா சீசன் பூரா எனக்கே குடுத்துருங்க" என்றார்.

அடுத்த வாரமும் அப்படியே போனது. அதற்கடுத்த வாரமும். வெவ்வேறு வீட்டு மரம், வெவ்வேறு கை, ஆனால் மரத்தில் கனிந்த பழத்துக்கெல்லாம் ஒரே ருசி. கெட்டிக் காய்க்குத்தான் ஆளுக்கொரு குணம்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மழை விட்ட ஒரு மத்தியானம், குடோனில் எல்லாரும் உட்கார்ந்து சதை எடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த மலையூரில் சிக்னல் குடோனின் ஜன்னலுக்கு நேர் வெளியே, துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றால்தான் வரும். அவருக்கு அது தெரியும். ஜன்னல் திறந்திருக்கிறது என்பதுதான் தெரியாது.

"வணக்கம்ங்க. ஆமாங்க, அந்த ஷெட் விஷயமா... இல்லீங்க, எடம் ரொம்ப நல்ல எடம். கரண்டெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே... ஆமாங்க... அது இன்னான்னா..."

குடோனில் ஒரு கை அசையவில்லை. பிளந்த பழம் பிளந்தபடி நின்றது.

யாருக்கும் முடியாது என்று நேராகச் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் அவர். பிறகு, "எங்க வூட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி ஒத்துக்கலீங்க. போன தடவ வந்தப்பவே சளி புடிச்சிருச்சி. ஆமாங்க. அவுங்க ஒடம்பு ரொம்ப... ஆமாங்க, மென்மை. நீங்க நெல்லுவெதக்காரருக்கே குடுத்துருங்க."

நான் கலசப்பாக்கத்துத் தண்ணீரைக் குடித்ததே கிடையாது. சிரிப்பை அடக்கியதில் கையில் இருந்த பழம் நசுங்கியது. குழுத் தலைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமியார் மட்டும் அடக்கவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி முழுக் குரலில் சொன்னார், "மென்மையாமே! காலையிலருந்து மூணு சொம்பு மோரு உள்ள போச்சி, எதும் ஒத்துக்காம போவல!"

துவைக்கிற கல்லின்மேல் வீட்டுக்காரர் போனைப் பொத்திக்கொண்டு உறைந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவ்வளவுதான், குடோனே வெடித்தது. மலையே கேட்டிருக்கும், கலசப்பாக்கத்துக்காரருக்குக் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கீழே போனால் கரண்டு நன்றாக இருந்திருக்கும் என்பதை இப்போதும் மறுக்கமாட்டேன். போன வருஷம் மழையில் ஒரு நாள் பூராவும் லைன் இல்லாமல் உப்பு பாட்டில்களும் கைவிட்டு, ஒரு பெட்டி சரக்கு போனது. அப்படியும் நாங்கள் இறங்கவில்லை. இந்த சீசனுக்கு மேல்பக்கத்து ஊர்க் குழுவும் ஃப்ரீசர் வாங்குகிறது. குழுத் தலைவியின் நாத்தனாரை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவள்தான் வந்து வீட்டுக்காரரை மாட்டித் தரக் கூப்பிட்டாள். "நமக்கே போட்டியாய்டுமே" என்றார் என்னிடம். சொல்லிக்கொண்டே ஸ்பேனர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அங்கே கனிந்து விழுகிற பழம் எங்கள் குடோன் வரைக்கும் நடந்து வரமுடியாது, அதுவும் அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு அவர் உள்ளே வந்தார். காது சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் குனிந்து தரையைப் பார்த்தார். பழைய சாமை குடோன், மண் பூசின தரை, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சேறாகும். வந்த நாளிலிருந்து தரை போடவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் பிடிகொடுக்கவே இல்லை.

"டைல்ஸ் போட்டா கழுவ வசதியா இருக்கும்" என்றார் தரையிடம். "செங்கத்துல சொல்லி வரவழைக்கலாம். இன்னா கலர்ல போடறது?"

"வெள்ளை" என்றேன் நான்.

"வெள்ளயா? ஒரு நாள்ல மண்ணு கலராய்டும். பச்சை போடுங்க" என்றார் மாமியார், அவருக்கே வீடு கட்டுகிற மாதிரி.

"பச்சைல பழத்தோலு வுழுந்தா தெரியாதே, அத்த. வழுக்கி வுழுவீங்க" என்றாள் குழுத் தலைவி.

வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். மூலையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் மூலைக்குப் போகிற வழியெல்லாம் பெண்கள் குண்டானை நகர்த்தி அவருக்கு வழி விட்டார்கள். கலர் சண்டை நடந்துகொண்டே இருந்தது.